அழைப்பும் தொழிலும்: ஒரு லத்தீன் சொல்லின் வழித்தடம்

நம் வட்டம் தொடங்கிய மூன்றாம் ஆண்டு. மாதக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், அச்சகமொன்றில் மெய்ப்புத் திருத்துநராக இருந்த இளங்கவிஞர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, ஒரு படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. அப்படியானால் கவிதை என்ன? தொழிலா, பொழுதுபோக்கா?" என்று கேட்டார். நான் பாரதியின் பெயரைச் சொல்லிச் சிரித்து மழுப்பினேன். கவிதையே தன் தொழிலென்று அறிவித்த அந்த மகாகவியும் சுதேசமித்திரனில் உதவியாசிரியராக ஊதியம் பெற்று வாழ்ந்தவன்தான் என்பதைக்கூட அன்று நான் சொல்லவில்லை.

கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. அதற்கு விடை தேடிப் போனபோது ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ஒரு சொல்லின் வாசலில் போய் நின்றேன். ஆங்கிலத்தில் 'வொகேஷன்' என்கிறார்கள். குருமடத்தில் இச்சொல்லைக் கேட்டால் இறைவன் ஒருவனைத் துறவுக்கு அழைத்ததாகப் பொருள். மேல்நிலைப் பள்ளியில் கேட்டால் மின்கம்பி இணைக்கவும் இயந்திரம் பழுது பார்க்கவும் கற்றுத்தரும் தொழிற்பிரிவு என்று பொருள். ஒரே சொல் வானத்திலும் பட்டறையிலும் எப்படிக் குடியிருக்கிறது? இரண்டாயிரம் ஆண்டு வரலாறு அதற்குள் அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றைக் கவிஞர்களாகிய நம் தேவைக்கு ஏற்றவாறு சுருக்கிச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளியும் குரலும்

இச்சொல்லின் தாய் 'வொகாத்தியோ' என்னும் லத்தீன் சொல். 'வொகாரே' என்றால் அழைத்தல். அதற்கும் வேர் 'வோக்ஸ்', அதாவது குரல். இதே குடும்பத்துப் பிள்ளைகள் பலரை நாம் அறிவோம். வழக்காடுவதற்காக நம் பக்கம் அழைக்கப்பட்டவர் 'அட்வொகாத்துஸ்'. நம் நீதிமன்றங்களில் நடமாடும் 'அட்வகேட்' அவரே. ரோமக் குடிமகன் அதிகாரியின் தண்டனைக்கு எதிராக மக்கள் மன்றத்தை நோக்கிக் குரலெழுப்பும் உரிமை 'ப்ரொவொகாத்தியோ'. காப்பியத் தொடக்கத்தில் கவிஞன் கலைத்தெய்வத்தைக் கூவி அழைப்பது 'இன்வொகாத்தியோ'. லத்தீன் இலக்கணத்தில் ஒரு வேற்றுமைக்கும் இக்குடும்பத்தின் பெயரே உண்டு: 'வொகாதீவுஸ்'. நம் இலக்கணத்தில் அதுவே எட்டாம் வேற்றுமையாகிய விளி.

தொல்காப்பியர் விளிக்கென்றே தனி இயல் வகுத்தார். எழுவாய் நீங்கலான மற்ற வேற்றுமைகளில் உருபு வெளியிலிருந்து வந்து பெயரோடு ஒட்டும். விளியிலோ பெயரே தன் உடம்பில் மாறுதல் கொள்ளும். தோழி 'தோழீ' என நீள்வாள்; மக்கள் 'மக்காள்' என ஈற்றயல் நீண்டு நிற்பர். சில பெயர்கள் இயல்பாகவும் நிற்கும். அழைக்கப்பட்டவுடன் பெயர் அசைகிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு ரோமுக்குப் போவோம்.

செவ்வியல் லத்தீனில் 'வொகாத்தியோ' என்பதற்குத் தொழில் என்ற பொருள் இல்லை. கட்டுல்லுஸ் என்னும் கவிஞர் தம் 47ஆம் பாடலில் இச்சொல்லை ஆள்கிறார்; அங்கே அதற்கு விருந்தழைப்பு என்று பொருள். தகுதியற்றவர்கள் பகலிலேயே பெருவிருந்து உண்ண, தம் நண்பர்கள் தெருச்சந்தியில் நின்று யாராவது சாப்பிடக் கூப்பிடமாட்டார்களா என்று காத்திருக்கிறார்களே என்று அவர் பொருமுகிறார்.

இன்னொரு பொருள் சட்டத்தைச் சேர்ந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஔலுஸ் கெல்லியுஸ் ஒரு செய்தியைப் பதிந்து வைத்தார். லபேயோ என்னும் சட்ட அறிஞர்மீது ஒரு பெண் மக்கள் காவலர்களாகிய ட்ரிப்யூன்களிடம் முறையிட்டாள். அவர்கள் ஆளனுப்பி லபேயோவைக் கூப்பிட்டார்கள். அவரோ, "வந்து என்னைப் பிடிக்க உங்களுக்கு அதிகாரம் உண்டு; எதிரில் இல்லாதவனை அழைக்கும் அதிகாரம் இல்லை" என்ற பொருள்படச் சொல்லியனுப்பிவிட்டார். கெல்லியுஸ் இதற்கு வாரோவின் நூலிலிருந்து விளக்கம் தேடித் தருகிறார். கான்சல் முதலிய பேரதிகாரிகளுக்கு 'வொகாத்தியோ' உண்டு. ட்ரிப்யூன்களுக்குக் கைப்பற்றும் உரிமையாகிய 'ப்ரென்சியோ' மட்டும் உண்டு. க்வைஸ்தர் போன்றோருக்கு இரண்டுமே இல்லை.

இவ்வேறுபாடு எண்ணிப் பார்க்கத்தக்கது. பக்கத்தில் இருப்பவனைக் கைப்பிடித்து இழுப்பது வேறு. தொலைவில் இருப்பவன் குரலை மட்டும் கேட்டுத் தானே எழுந்து வரச் செய்வது வேறு. முதலாவதற்கு வலிமை போதும். இரண்டாவதற்குக் குரலில் உரிமை இருக்கவேண்டும்.

தொழிலுக்குப் பெயர் பல

அப்படியானால் ரோமர்கள் தொழிலை எவ்வாறு குறித்தார்கள்? அவர்களிடம் ஒரு சொல் இல்லை, ஒரு கொத்துச் சொற்கள் இருந்தன. செய்யப்படும் வேலை 'ஓபுஸ்'. கைத்திறன் அல்லது கலை 'ஆர்ஸ்'. வருவாய் தேடும் வழி 'க்வைஸ்துஸ்'. ஒருவன் தன் நிலைக்கேற்பச் செய்தாகவேண்டிய கடமை 'ஒஃபிக்கியும்'; இன்றைய 'ஆபீஸ்' அதன் வழித்தோன்றல். ஊருக்கு ஒருவன் செலுத்தவேண்டிய பணி 'முனுஸ்'. கொடை என்பதும் இச்சொல்லுக்குப் பொருளே. கடமையும் கொடையும் ஒரே சொல்லில் நிற்பதைக் கவிஞர்கள் கவனிக்க வேண்டும். ஓய்வு 'ஓத்தியும்', அதை மறுத்து உண்டானது, அலுவல் என்று பொருள்படும் 'நெகோத்தியும்'. ரோமரின் சொல்லமைப்பில் ஓய்வே மூலம். அலுவல் அதன் இன்மை.

'ப்ரொஃபெஸ்ஸியோ' என்ற சொல்லும் உண்டு. பலர் முன்னிலையில் அறிவித்தல் என்பது அதன் முதற்பொருள். அதிகாரியிடம் தன் சொத்தை அறிவிப்பதும், தேர்தலில் நிற்பதாகப் பெயர் பதிவதும் ப்ரொஃபெஸ்ஸியோ. "நான் இன்ன கலை வல்லவன்" என்று உலகறிய அறிவித்துக் கொள்பவனுக்கும் பின்னர் அது பொருந்திற்று. இன்றைய பேராசிரியர் என்னும் 'ப்ரொஃபஸர்' அப்படி அறிவித்துக்கொண்டவரே. வொகாத்தியோ பிறர் குரல். ப்ரொஃபெஸ்ஸியோ தன் குரல். இவ்விரண்டுக்கும் நடுவிலேதான் நம் இளங்கவிஞரின் படிவம் கிடக்கிறது.

சிசரோ கி.மு. 44இல், சீசர் கொலையுண்ட ஆண்டின் இறுதியில், ஏதென்சில் படித்துக்கொண்டிருந்த தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் தொழில்களைத் தரம் பிரிக்கும் பகுதி புகழ்பெற்றது. வரி வசூலிப்பவர், வட்டிக்குக் கொடுப்பவர், கூலிக்கு உழைப்பவர், வாங்கி உடனே விற்பவர், பட்டறைத் தொழிலாளர், மீன் விற்போர், சமையற்காரர் ஆகிய எல்லோரையும் அவர் இழிந்தோர் வரிசையில் வைத்தார். கூலி என்பதே அடிமைத்தனத்திற்குப் பெற்ற முன்பணம் என்பது அவர் கருத்து. மருத்துவமும் கட்டடக்கலையும் கற்பித்தலும் அவற்றுக்குரிய நிலையில் உள்ளோர்க்குத் தகும் என்றார். வருவாய்த் தொழில்களில் உழவே சிறந்தது என்று முடித்தார். இது நிலவுடைமையாளரின் கண்கொண்டு பார்த்த பார்வை. உழவு என்று அவர் சொன்னபோது ஏர் பிடித்த கை அவருடையது அன்று.

ஆனால் அதே நூலில் இன்னோரிடத்தில், கிரேக்க அறிஞர் பனைத்தியுஸின் வழிநின்று, மனிதன் அணிந்திருக்கும் நான்கு வேடங்களைப் பற்றியும் சிசரோ பேசுகிறார். மனிதர் எல்லோர்க்கும் பொதுவான பகுத்தறிவு ஒன்று. அவரவர்க்கே உரிய இயல்பு இரண்டு. பிறப்பும் காலமும் தற்செயலாகச் சுமத்துவது மூன்று. தானே தேர்ந்துகொள்வது நான்கு. இந்நான்கையும் பொருத்தி வாழ்க்கை வழியைத் தேர்வதே எண்ணங்களில் மிகக் கடினமானது என்றும், அறிவு முதிராத இளமையிலேயே அதைத் தேர்ந்தாகவேண்டியிருக்கிறது என்றும் அவர் வருந்துகிறார். பொதுமை, இயல்பு, சூழல், தேர்வு என்ற நான்கும் இருக்கின்றன. அழைப்பு என்ற ஐந்தாவது இங்கில்லை.

ரோமில் கவிஞரின் நாற்காலி

கவிஞர்களுக்கு ரோம் எந்த இடம் கொடுத்தது? மூத்த கேட்டோவின் சான்றின்படி, பழைய ரோமில் கவிதைக் கலைக்கு மதிப்பில்லை. அதில் ஈடுபட்டவனையும் விருந்துகளில் ஒட்டிக்கொண்டு திரிந்தவனையும் ஒரே வசைச்சொல்லால் அழைத்தார்கள். கட்டுல்லுஸின் நண்பர்கள் தெருச்சந்தியில் நின்றதில் வியப்பில்லை.

எனினும் கி.மு. 207இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. ஹன்னிபாலுடன் போர் நடந்த நெருக்கடியில், லிவியுஸ் அந்த்ரோனிக்குஸ் இயற்றிய வழிபாட்டுப் பாடலைக் கன்னிப் பெண்கள் ஊர்வலமாகப் பாடினர். அவரைச் சிறப்பிக்கும் வகையில் அவெந்தீன் குன்றிலுள்ள மினர்வா கோயிலில் எழுத்தாளரும் நடிகரும் கூடுவதற்கு அரசு இடம் அளித்தது. அக்காலத்தில் கவிஞரையும் எழுத்தரையும் குறிக்க 'ஸ்க்ரீபா' என்ற ஒரே சொல்தான் இருந்தது. இலக்கிய வட்டம் ஒன்றிற்கு அரசு இடம் தந்த மிகப் பழைய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

பிற்காலத்தில் கவிஞர் கழகம் ஒன்று ரோமில் இருந்தது. அங்கே சீசர் ஸ்த்ராபோ என்னும் உயர்குடிப் பெருமகன் வரும்போதெல்லாம் அக்கியுஸ் என்ற நாடகக் கவிஞர் எழுந்து நிற்பதில்லை என்று வலேரியுஸ் மாக்ஸிமுஸ் கூறுகிறார். அவருடைய அதிகாரத்தை அக்கியுஸ் மறுக்கவில்லை. ஆனால் அவ்வாசலுக்குள் அளவுகோல் கவிதை ஒன்றே. அங்கே தாமே மேலானவர் என்று நம்பினார். அவரைச் செருக்குடையவர் என்று எவரும் குற்றம் சாட்டவில்லையாம். ஏனெனில் அங்கே போட்டி நூல்களுக்கிடையே இருந்தது, மூதாதையர் உருவங்களுக்கிடையே அன்று.

ஹொரேசின் வாழ்க்கையோ நம் வட்டத்து அன்பர் பலருடைய வாழ்க்கையை ஒத்தது. அடிமைநிலையிலிருந்து விடுதலை பெற்றவரின் மகன் அவர். கி.மு. 42இல் பிலிப்பிப் போரில் தோற்ற அணியில் நின்று தந்தையின் நிலத்தை இழந்தார். ரோமுக்குத் திரும்பி, கருவூல அதிகாரிகளின் எழுத்தர் பதவியொன்றை வாங்கினார். ஆம், உலகக் கவிஞர்களுள் ஒருவர் அரசாங்கக் கணக்கேடுகளோடு புழங்கிய குமாஸ்தா. பின்னாளில் அகஸ்டஸ் தமக்குக் கடிதம் எழுதும் செயலராக வருமாறு அழைத்தபோது ஹொரேஸ் மறுத்துவிட்டார். பேரரசனின் அழைப்பையும் மறுக்கத் துணியும்படி வேறோர் அழைப்பு அவருக்கு முன்னமே வந்திருந்தது எனலாம். ஆனால் அதை 'வொகாத்தியோ' என்று சொல்ல அவர் மொழியில் அன்று வழக்கில்லை.

கூடாரம் தைத்தவரின் கடிதம்

அவ்வழக்கு கிழக்கிலிருந்து வந்தது. கி.பி. 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பவுல் கொரிந்து நகரத்தாருக்குக் கிரேக்கத்தில் எழுதிய முதல் கடிதத்தின் 7ஆம் அதிகாரத்தில் 'க்ளேசிஸ்' என்னும் சொல் வருகிறது. அழைத்தல் என்பதே அதன் பொருள். அழைக்கப்பட்டபோது ஒவ்வொருவனும் எந்நிலையில் இருந்தானோ அந்நிலையிலேயே இருக்கட்டும் என்பது அவ்விடத்துக் கருத்து. லத்தீன் விவிலியத்தில் அங்கே 'வொகாத்தியோ' அமர்ந்தது. விருந்துக்கும் நீதிமன்றத்துக்கும் அழைத்த சொல் இப்போது இறைவனின் குரலைத் தாங்கியது.

பவுல் தாமே கொரிந்தில் கூடாரத் தொழில் செய்து வாழ்ந்தவர். அவருக்கு அழைப்பு வேறு, கூடாரம் தைப்பது வேறு. தம் தொழிலை அவர் அழைப்பு என்று சொன்னதில்லை. அழைப்பு அவருடைய ஊசியைப் பிடுங்கவும் இல்லை. அடுத்த வசனத்திலோ அடிமைகளைப் பற்றிப் பேசுகிறார்: விடுதலை பெற வாய்ப்புக் கிடைத்தால் அதைப் பயன்படுத்து என்கிறாரா, அடிமைநிலையையே பயன்படுத்து என்கிறாரா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடும்படி கிரேக்கத் தொடர் இருபொருள்பட நிற்கிறது. ஒரு தொடரின் இருமையில் எத்தனை மனிதரின் வாழ்வு தொங்கிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

மடத்து வாசலில்

அடுத்த ஆயிரம் ஆண்டுகளில் இச்சொல் மடத்துக்குள் குடியேறியது. 5ஆம் நூற்றாண்டில் மர்ஸேய் நகரில் வாழ்ந்த கஸ்ஸியான், எகிப்தியத் துறவியருடன் நடத்திய உரையாடல்களை எழுதி வைத்தார். மூன்றாம் உரையாடலில் பாஃப்னூத்தியுஸ் என்னும் முதியவர் அழைப்புகளை மூவகையாகப் பிரிக்கிறார்: இறைவனிடமிருந்து நேரே வருவது, மனிதர் வழியாக வருவது, இடுக்கணால் வருவது. ஆலயத்தில் ஒரு வாசகம் காதில் விழ, அது தனக்கே சொல்லப்பட்டதென்று எழுந்து போன அந்தோணியார் முதல்வகை. கொலை செய்துவிட்டுச் சாவுக்கு அஞ்சி மடத்துக்கு ஓடிவந்த மோசே என்னும் துறவி மூன்றாம் வகை.

முதியவர் அதோடு நிற்கவில்லை. தாழ்ந்த வகையில் வந்த மோசே நிறைவடைந்தார். மிக உயர்ந்த அழைப்பைப் பெற்ற யூதாசு விழுந்தான். ஆகவே எப்படி வந்தாய் என்பது முடிவு அன்று, வந்தபின் எப்படி நின்றாய் என்பதே முடிவு என்கிறார். இவ்வரலாறு முழுவதிலும் கவிஞர்களுக்கு ஆகச்சிறந்த ஆறுதல் இதுவே என்று நினைக்கிறேன். இளமையில் காதல் தோல்வியால் எழுதத் தொடங்கியவர் நம்மிடையே உண்டு. போட்டிப் பரிசுக்காக எழுதியவர் உண்டு. யாரோ எழுதச் சொல்லி எழுதியவரும் உண்டு. தொடக்கத்தின் எளிமைக்காக எவரும் நாணவேண்டியதில்லை.

6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் வகுத்த மட ஒழுங்கு 'கேள்' என்னும் ஏவலோடு தொடங்குகிறது. குரல் என்று ஒன்றிருந்தால் செவி என்று ஒன்று வேண்டுமல்லவா? ஆனால் அழைப்பு வந்தது என்று சொல்லி வருபவனை அவ்வொழுங்கு உடனே நம்பிவிடவில்லை. நான்கைந்து நாள் வாசலில் நின்று தட்டவேண்டும். உள்ளே சேர்த்த பின்னும் இரண்டு மாதம் கழித்து ஒருமுறை, மேலும் ஆறு மாதம் கழித்து ஒருமுறை, இன்னும் நான்கு மாதம் கழித்து ஒருமுறை என ஒழுங்குநூல் முழுவதையும் படித்துக் காட்டி, இயலுமா என்று கேட்கவேண்டும். அதன்பிறகே அவன் தன் கையால் எழுதிய வாக்குறுதியைப் பீடத்தின்மேல் வைப்பான். அறிவித்தல் என்ற பொருளுடைய 'ப்ரொஃபெஸ்ஸியோ' பின்னர் இவ்வாக்குறுதியின் பெயராயிற்று. அழைப்பு முதலில், சோதனை நடுவில், அறிவிப்பு இறுதியில் என்பது மடம் கற்றுத்தந்த வரிசை. இன்று நம்மில் பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி விடுகிறோம்.

ஆனால் ஒரு நட்டமும் நேர்ந்தது. அழைப்பு என்பது துறவிக்கும் குருவுக்கும் மட்டுமே உரியதாகச் சுருங்கியது. உழுபவனும் நெய்பவளும் பிழைத்தார்கள்; அழைக்கப்படவில்லை. 14ஆம் நூற்றாண்டில் ஸ்த்ராஸ்பூர்கைச் சேர்ந்த தௌலர் போன்ற ஒருசிலரே, நூல் நூற்பதும் செருப்புத் தைப்பதும் இறையருளின் கொடைகள் என்று பிரசங்கித்தனர்.

இடியும் பட்டறையும்

1505 ஜூலையில் எர்ஃபூர்ட் அருகே இடிமின்னலில் சிக்கிய மார்ட்டின் லூதர் என்னும் சட்ட மாணவர், உயிர் பிழைத்தால் துறவியாவேன் என்று நேர்ந்துகொண்டார். மகன் வழக்கறிஞனாவான் என்று காத்திருந்த தந்தை சினந்தார். அந்த இடி இறைவனின் அழைப்புத்தானா, மயக்கமா என்று அவர் மகனிடம் கேட்ட கேள்வி மகனின் நெஞ்சில் தைத்துக் கிடந்தது. 1521இல் துறவு வாக்குறுதிகளைப் பற்றி எழுதிய நூலைத் தந்தைக்கே படைத்து, அக்கேள்வி சரியே என்று லூதர் ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகே இச்சொல்லின் பெருந்திருப்பம். 1522இல் வெளிவந்த பிரசங்கத் தொகுதியில், "எனக்கு அழைப்பு வரவில்லையே, நான் என்ன செய்ய?" என்று ஒருவன் கேட்பதாக வைத்து, அழைப்பில்லாமல் நீ எப்படி இருக்கமுடியும், கணவனாகவோ மனைவியாகவோ பிள்ளையாகவோ பணியாளாகவோ ஏதோவொரு நிலையில் இருக்கிறாயே, அதுவே உன் அழைப்பு என்று அவர் விடை கூறினார். ஜெர்மன் மொழியில் 'பெரூஃப்' என்ற சொல் அழைப்பையும் அன்றாடத் தொழிலையும் ஒருங்கே குறிக்கத் தொடங்கியது. பழைய ஏற்பாட்டுப் புறநூலாகிய சீராக்கின் ஞானநூலில் வேலை, உழைப்பு என்று மட்டுமே பொருள்படும் இடத்தையும் லூதர் 'பெரூஃப்' என்றே பெயர்த்தார். கூடாரத்தையும் அழைப்பையும் பவுல் தனித்தனியே வைத்திருந்தார். லூதர் இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினார்.

இது மாபெரும் விடுதலை. பால் கறப்பவளின் கைவேலை துறவியின் செபத்துக்கு நிகராயிற்று. ஆனால் விடுதலைக்குள்ளேயே ஒரு விலங்கும் இருந்தது. 1525இல் ஸ்வாபியா உழவர்கள் பன்னிரண்டு கோரிக்கைகளை வெளியிட்டனர். கிறிஸ்து எல்லோரையும் மீட்டார். ஆகவே நாங்கள் பண்ணையடிமைகளாக இருக்கமாட்டோம் என்பது அவற்றுள் ஒன்று. லூதர் இதை ஏற்கவில்லை. ஆன்ம விடுதலையை உடல் விடுதலையாக்குவது தவறு, அடிமையாக இருந்துகொண்டே ஒருவன் கிறிஸ்தவ விடுதலை பெறலாம் என்றார். 'அழைக்கப்பட்ட நிலையில் இரு' என்பது 'உன் இடத்தில் கிட' என்று ஆகிவிட்டது. ஒரு தொடரின் இருமை என்று முன்னர்ச் சொன்னது இதைத்தான்.

தமிழருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அரைநாள் பள்ளி, அரைநாள் குடும்பத் தொழில் என்று 1953இல் சென்னை மாகாணத்தில் வந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று கண்டித்து மக்கள் எழுந்ததும், 1954இல் அது கைவிடப்பட்டதும் நம் நினைவில் உள்ளவை. பிறப்பு ஒருவனைத் தொழிலுக்குள் தள்ளினால் அது அழைப்பு அன்று. கெல்லியுஸ் சொன்ன பிரிவில் வைத்தால் அது வொகாத்தியோ ஆகாது. கைப்பிடித்து இழுக்கும் ப்ரென்சியோ.

தரங்கம்பாடியும் மியூனிக்கும்

லூதரின் மரபில் பொது அழைப்போடு முறையான அழைப்பு என்ற ஒன்றும் இருந்தது. முறைப்படி அழைக்கப்படாத எவரும் திருச்சபையில் வெளிப்படையாகக் கற்பிக்கலாகாது என்று 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்பூர்க் அறிக்கை விதித்தது. அம்மரபில் வந்த சீகன்பால்குவும் புளூட்ஷோவும் டென்மார்க் அரசரால் அனுப்பப்பட்டு 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினர். சீகன்பால்கு தமிழ் கற்றார். ஏட்டுச் சுவடிகளைத் திரட்டி 1708இல் அவற்றுக்கு ஒரு பட்டியலும் எழுதினார். அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சாகி 1715இல் நிறைவுற்றது.

அவ்வழியில் தொடர்ந்த தமிழ் விவிலிய மரபு 'பெரூஃப்' என்னும் இரட்டைச் சொல்லுக்கு ஈடாக ஒன்றைப் படைக்கவில்லை. பரவலாக வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு கொரிந்தியர் கடிதத்தின் அவ்விடத்தில் 'நிலைமை' என்ற சொல்லை ஆள்கிறது. கத்தோலிக்கர் துறவுக்கு வருவதை 'இறையழைத்தல்' என்கின்றனர். தொழில் தொழிலாகவே தனியே நின்றது. இதைக் குறையென்று நான் கருதவில்லை. தமிழில் 'தொழில்' என்ற சொல்லின் அகலம் பெரிது. செயல் யாவும் தொழில். வினைச்சொல்லை இலக்கணத்தார் தொழிற்சொல் என்றனர். படைத்தல் முதலாகிய ஐந்தும் இறைவனின் தொழில்கள். ஊதியம் இச்சொல்லின் உள்ளே கட்டாயமாக இல்லை. படிவங்கள்தாம் அதைச் சுருக்கின.

ஐரோப்பாவில் இச்சொல்லின் கணக்கைத் தீர்த்துப் பார்த்தவர் மாக்ஸ் வெபர். 1904, 1905ஆம் ஆண்டுகளில் வெளிவந்த புராட்டஸ்டண்டு அறம் பற்றிய ஆய்வில் ஒரு நீண்ட அடிக்குறிப்பில், நாம் மேலே கண்ட ஓபுஸ், ஒஃபிக்கியும், முனுஸ், ப்ரொஃபெஸ்ஸியோ, ஆர்ஸ் ஆகிய லத்தீன் சொற்களை ஒவ்வொன்றாக எடைபோட்டு, எதுவும் 'பெரூஃப்' என்பதற்கு முழு ஈடாகாது என்று காட்டினார். தூய்மைவாதிகள் விரும்பித் தொழிலுக்கு அழைக்கப்பட்டவராக வாழ்ந்தனர், அவர்கள் கட்டிய பொருளாதாரத்துள் நாமோ கட்டாயத்தால் அவ்வாறு வாழ்கிறோம் என்பது அவர் கண்ட துயரமான முடிவு. குரல் அடங்கிவிட்டது, வேலை மட்டும் எஞ்சியது.

1917 நவம்பர் 7இல் மியூனிக் மாணவர் நடுவே அறிவியலை அழைப்பாகக் கொள்வது பற்றி அவர் உரையாற்றினார். மாணவர்கள் எழுச்சியூட்டும் செய்தியை எதிர்பார்த்தனர். அவரோ பதவி கிடைப்பது பெரும்பாலும் தற்செயல் என்றும், உன்னைவிடத் திறன் குறைந்தவர் ஆண்டுதோறும் உன்னைத் தாண்டிப் போவதைக் கசப்படையாமல் தாங்குவாயா என்றும் கேட்டார். தாங்குபவனுக்கே இது அழைப்பு என்பது பொருள். பெனடிக்டின் மடத்து வாசல் மறுபடியும் அங்கே திறந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

யான் விளி கொள்ளாது

இப்போது அந்த இளங்கவிஞருக்கு விடை சொல்ல முயல்கிறேன். மெய்ப்புத் திருத்துவது உங்கள் பிழைப்பு. அது இழிந்ததன்று; ஹொரேசும் எழுத்தர், பவுலும் தையற்காரர். கவிதை உங்கள் ப்ரொஃபெஸ்ஸியோ ஆகவேண்டுமென்பதில்லை. படிவத்தில் அதை எழுதாமல் விட்டதால் அது பொழுதுபோக்காகவும் ஆகிவிடாது. அது உங்கள் முனுஸ், ஊருக்கு நீங்கள் பட்ட கடனும் நீங்கள் தரும் கொடையும். அது அழைப்புத்தானா என்பதை நீங்கள் அறிவிக்க முடியாது. தட்டிக்கொண்டு நின்றீர்களா என்பதே காட்டும்.

ஆனால் இவ்விடையை அவரிடம் நேரில் சொல்ல இயலாதபடி ஆகிவிட்டது. அதற்கு நானே பொறுப்பு. அந்நாளில் கூட்ட அழைப்பு அஞ்சலட்டைகளை எழுதுவது என் வேலை. அவர் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை. அஞ்சல் செலவைக் குறைக்கவேண்டி, வராதவர் பெயர்களை நீக்கியபோது அவர் பெயரையும் நீக்கினேன். வேறூர் அச்சகத்துக்குப் போய்விட்டார் என்றும், எழுதுவதையே விட்டுவிட்டார் என்றும் ஆண்டுகள் கழித்து ஒருவர் சொன்னார். "எவரும் கூப்பிடவில்லை" என்று மட்டும் சொன்னாராம்.

தொல்காப்பியர் விளிமரபில் விளி கொள்ளாத பெயர்களையும் எண்ணி வைத்திருக்கிறார். தான், யான் என்பன அவற்றுள் அடங்கும். யார் யாரையெல்லாமோ விளிக்கலாம். 'யான்' என்பதை விளிக்க மொழியில் இடமில்லை. தன்னைத்தானே அழைத்துக்கொள்ள ஒருவராலும் ஆகாது என்ற உண்மையை இதைவிடத் தெளிவாக எந்தத் தத்துவ நூலும் எனக்குச் சொன்னதில்லை. அந்தோணியாருக்கும் ஒரு வாசகத்தை உரக்கப் படித்த குரல் ஒன்று வேண்டியிருந்தது.

பத்தாண்டுகளில் நம் வட்டம் செய்ததென்ன என்று கேட்போர்க்கு, நூல்களையும் அரங்குகளையும் நாம் எண்ணிச் சொல்லலாம். நான் எண்ணுவது அந்த அஞ்சலட்டைகளைத்தான். மாதந்தோறும் ஒரு பெயரை எழுதி, வருக என்று எழுதுவது எளிய வேலை. ஆனால் எதிரில் இல்லாதவனை அழைக்கும் உரிமை அதில் இருந்தது. பதினோராம் ஆண்டின் முதல் அழைப்பு, நாம் நீக்கிய பெயர்கள் அனைத்துக்கும் போகவேண்டும் என்று செயற்குழுவை வேண்டுகிறேன். முதல் அட்டையை நானே எழுதுகிறேன். முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.